பொட்டு வைத்த பொக்லைன்

குஜிலியம்பாறைப் பக்கம் சிவனம்மாளின் வாய்க்குத் தப்பியவை இரண்டுதான். ஒன்று, இன்னும் பிறக்காத பிள்ளைகள். இன்னொன்று, அவளுடைய பொக்லைன். மற்றபடி மச்சான், சம்பந்தி, தலையாரி, மேகம், மின்கம்பம் என்று எதையும் அவள் சும்மா விட்டதில்லை. மழை பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவாள். பெய்தால் வேலை நின்றுபோனதற்காகத் திட்டுவாள். பொக்லைனைப் பற்றி மட்டும் யாராவது குறையாக ஒரு சொல் சொல்லிவிட்டால், சொன்னவன் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தோம் என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

அந்த வண்டி வந்த கதை இப்படி. அவள் புருஷன் பொம்மையனுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. பூமி வானத்தைப் பார்த்ததே ஒழிய, வானம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலை போட்டார்கள், சோளம் போட்டார்கள், கடைசியில் தலையில் துண்டைப் போட்டார்கள். ஒரு கோடையில் சிவனம்மாள் பாதிக் காட்டை விற்று, யாரோ ஓட்டிச் சலித்த ஒரு மஞ்சள் பொக்லைனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா" என்றார் பொம்மையன்.

"மழை ஒங்களக் கேட்டா பெய்யுது" என்றாள்.

அதன் பிறகு அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடித்தனம் நன்றாகவே நடந்தது. தங்கள் காட்டில் விளையாததை அவள் அடுத்தவர் காட்டில் தோண்டி எடுத்தாள். பண்ணைக் குட்டை, கிணற்று மேடு, வீட்டு அஸ்திவாரம் எதுவானாலும் அவள் வண்டி போகும். கூடவே குடையும் வெற்றிலைப் பையுமாக அவளும் போவாள். வண்டி மண்ணைத் தோண்டும், அவள் ஆளைத் தோண்டுவாள்.

வண்டியை ஓட்டியவன் பெலிக்ஸ். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பிறந்து, மனைவி ரூபியோடு குஜிலியம்பாறையில் வந்து குடியிருந்தவன். கழுத்தில் செபமாலை, வாயில் பாக்கு. கெட்டிக்காரன் என்றும் சொல்ல முடியாது, சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்ய மாட்டான். செய்ததைக் கேட்டாலும் முழுசாகச் சொல்ல மாட்டான். இந்தக் கடைசிக் குணம்தான் பின்னால் நடந்த கூத்துக்குப் பாதிக் காரணம். மீதிப் பாதியும் அதற்கு மேலும் சிவனம்மாளுடையது.

பொக்லைனின் கை மடங்குகிற ஒவ்வொரு மூட்டிலும் தடித்த இரும்புப் பின் ஒன்று இருக்கும். அது காய்ந்துபோகாமல் இருக்க, மூட்டுக்கு வெளியே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். கிரீஸ் நிப்பிள் என்பார்கள். அதன் வாயில் கடுகு போல ஒரு குண்டு. கிரீஸ் பம்பை மாட்டி அழுத்தினால் குண்டு உள்ளே நகர்ந்து வழிவிடும், கிரீஸ் மூட்டுக்குள் இறங்கும். பம்பை எடுத்தால் குண்டு திரும்ப வந்து அடைத்துக்கொள்ளும். கடவுள் மனுஷனுக்கு இப்படி ஒன்று வைக்க மறந்ததால்தான் வயசானவர்கள் எல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு "கிரீஸ் போயிருச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்பது பெலிக்ஸின் வேலை.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் குஜிலியம்பாறையில் பொட்டில்லாத பொருளைப் பார்க்க முடியாது. அரிவாள், அம்மி, மிக்சி, மோட்டார் சுவிட்சு, செல்போன் சார்ஜர் எல்லாம் மங்களகரமாக இருக்கும். போன வருஷம் சிவனம்மாள் வண்டிக்கு வைத்த பொட்டெல்லாம் மறுநாள் மழையில் வழிந்து போயிற்று. அந்த வாரமே ஒரு டயர் வெடித்தது. பொட்டு அழிந்ததால்தான் டயர் வெடித்தது என்பது அவள் தீர்ப்பு. டயர் மொட்டையாக இருந்ததே என்று சொல்லப் பொம்மையன் வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார்.

இந்த வருஷம் அவள் ஒரு யோசனை செய்தாள். பாக்கெட் சந்தனத் தூளில் பன்னீரை விடாமல், தச்சர்கள் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையைக் கொட்டிக் குழைத்தாள். இனி மழை என்ன, மழையின் அப்பனே வந்தாலும் பொட்டு அசையாது.

"சந்தனத்துக்கு எதுக்குத்தா பசை" என்றார் பொம்மையன்.

"ஒங்க வாய ஒட்ட" என்றாள்.

பொட்டு என்றால் நெற்றி வேண்டுமே. வண்டியில் எங்கெல்லாம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்ததோ, அங்கெல்லாம் அவளுக்கு நெற்றி தெரிந்தது. விளக்குக்கு மேல் ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. பிறகு பார்த்தால் கையின் மூட்டுகளில் வரிசையாக, பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல, அந்தக் குமிழ்கள். ஒன்று விடாமல் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தாள். மேலே குங்குமம். பூசணிக்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பொரி கடலையைக் கையில் கொடுக்கும்போது பெலிக்ஸிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "ஏலே, பொட்டு மேல கை படக்கூடாது. பொட்டழிச்ச எடம் வெளங்காது."

"சரிக்கா" என்றான் பெலிக்ஸ்.

மழை வந்தது. பொட்டு போகவில்லை. ஒன்றிரண்டு பொட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பது போல அவளுக்குப் பட்டது. ஆடுகிற வண்டியில் பொட்டு நகராதா என்று விட்டுவிட்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் வச்ச பொட்டுப்பா, மழையே தோத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டாள்.

சில வாரத்தில் வண்டி கத்த ஆரம்பித்தது. கை மடங்கினால் கிறீச், நீண்டால் கிறீச். பக்கத்து ஊரில் ஒருவர் காட்டில் பண்ணைக் குட்டை தோண்டிக்கொண்டிருந்த சமயம். அடுத்த மழைக்குள் முடித்தாக வேண்டும். சத்தம் ஊருக்கே கேட்டது. அங்கே இன்னொரு பொக்லைன் வைத்திருந்த ஸ்தனிஸ்லாஸ் பைக்கை நிறுத்தி, "என்னக்கா, வண்டிக்குப் பிரசவ வலியா" என்று விசாரித்துவிட்டுப் போனான். வாழ்நாளெல்லாம் ஊரைக் கேலி செய்தவளுக்கு, தன்னைக் கேலி செய்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வரம் கேட்டுத் தூக்கிய கை மாதிரி மேலே நின்றது. சிவனம்மாள், திண்டுக்கல் பேகம்பூரில் பொக்லைன் சாமான் கடை வைத்து ரிப்பேரும் பார்க்கிற மைதீன் பிச்சைக்குப் போன் போட்டாள். அவர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கிரீஸ் உள்ள போகலத்தா. நிப்பிள் அடைச்சிருக்கும். நாளைக்கு ஜும்மா முடிச்சிட்டு வாரேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

மைதீன் பிச்சை சொன்னது, அது தானாக அடைத்துக்கொண்டிருக்கும் என்று. ஆனால் 'அடைச்சிருக்கும்' என்ற சொல் சிவனம்மாளின் காதுக்குள் போனதும் அதற்கு ஒரு கை முளைத்தது. அடைத்திருக்கிறது என்றால், எவனோ அடைத்திருக்கிறான். எவன்? முந்தின வாரம் டீக்கடையில் பெலிக்ஸும் ஸ்தனிஸ்லாஸும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அந்தக் கடையில் இருப்பதே ஒரே பெஞ்சுதான், ஊரே அதில்தான் உட்காருகிறது என்பதெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"ஏலே பெலிக்ஸு, தெனமும் கிரீஸ் அடிச்சியா?"

"அடிச்சேன்க்கா."

"உள்ள போச்சா?"

"அடிச்சேன்க்கா" என்றான் மறுபடியும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அடிச்சியான்னு கேக்கல, போச்சான்னு கேக்குறேன். மண்ணப் போட்டு அடைக்கச் சொல்லி அந்த ஸ்தனிஸ்லாஸு என்ன வாங்கிக் குடுத்தான்?"

"டீ வாங்கிக் குடுத்தாரு" என்றான் பெலிக்ஸ். உண்மையைச் சொல்லக் கூடாத நேரம் பார்த்து உண்மையைச் சொன்னான். பிறகு முகம் வெளுத்து, செபமாலையைப் பிடித்துக்கொண்டு, "அந்தோணியார் மேல சத்தியமா நான் எதையும் அடைக்கலக்கா" என்றான்.

"ஒங்க சாமி மன்னிச்சு விட்ரும்லே. எங்க ஆளு மன்னிக்காது. காலைல காளி கோயிலுக்கு வா."

ஊருக்கு மேற்கே முச்சந்திக் காளி இருக்கிறாள். வஞ்சிக்கப்பட்டவர்கள் அவள் முன்னால் தங்கள் கையாலேயே மிளகாய் அரைத்து அவள் மேல் பூசுவார்கள். அந்த எரிச்சல் தப்புச் செய்தவனைத் தேடிப் போகும் என்பது நம்பிக்கை. அது போகிறதோ இல்லையோ, ஊரார் வாய் அவனைத் தேடிப் போய்விடும். காளி வாசலில் எவனைப் பார்த்து மிளகாய் அரைத்தார்களோ, அவனிடம் அந்த வட்டாரத்தில் யாரும் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். பெலிக்ஸுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். அது சிவனம்மாளுக்கும் தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

"பாய் நாளைக்கு வந்துருவாருல்ல, செத்த நேரம் பொறுத்தா என்ன" என்றார் பொம்மையன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவளுக்கு உகந்த நாளு. பாய்க்காகக் காளி காத்திருப்பாளா?"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. சிவனம்மாள் கல்லின் முன் உட்கார்ந்து, தோள்பட்டை குலுங்கக் குலுங்க மிளகாய் அரைத்தாள். மிக்சி வந்த பிறகு அவள் கல்லைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆனாலும் கோபம் அரைத்தது. விழுதை வழித்துக் காளியின் மேல் பூசிவிட்டு, ஊர் கேட்கச் சொன்னாள்.

"என் வண்டி மூட்ட எந்தக் கை அடைச்சுச்சோ, அந்தக் கை மொடங்கணும் தாயே. என் வண்டி கத்துன மாதிரி அந்தத் தோளு கத்தணும். சோத்தத் தூக்கி வாய்ல வைக்க முடியாமப் போகணும்."

"பேரு சொல்றியாத்தா" என்றார் பூசாரி.

அவள் பெலிக்ஸைப் பார்த்தாள். பேரைச் சொல்லிவிட்டால் நாளைக்கு வண்டியை ஓட்ட ஆள் கிடைக்குமா என்ற கணக்கும் உள்ளே ஓடியது. "பேரு வேணாம். கைய அவளுக்குத் தெரியும்" என்றாள். ஊருக்கு அந்தப் பார்வையே போதும். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரூபி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் தெருக்குழாய்ப் பக்கம்கூட வரவில்லை.

மத்தியானம் மைதீன் பிச்சை வந்தார். மண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசையில் காட்டைச் சுற்றிலும் ஆட்கள். ஸ்தனிஸ்லாஸும் வந்து பைக் மேலேயே உட்கார்ந்திருந்தான். பாய் நிப்பிளைத் துடைத்தார். பம்பை மாட்டி அழுத்தினார். கிரீஸ் உள்ளே போகாமல் பக்கவாட்டில் பிதுங்கி வழிந்தது. ஊசியால் குண்டைக் குத்திப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி, கல்லில் தட்டி, உள்ளே சுரண்டி, உள்ளங்கையில் கொட்டினார். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"மண்ணு இல்லத்தா. சந்தனம்" என்றார். இன்னொரு தடவை முகர்ந்தார். "தச்சாசாரி பசையும் இருக்கு. யாரு இதுல கொண்டுபோயிச் சந்தனத்த வச்சது?"

பாய்க்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். கலியாணமான நாளிலிருந்து கேட்க நினைத்ததையெல்லாம் விழுங்கியே பழகிய பொம்மையன், அன்றைக்கு ஒன்றை மட்டும் விழுங்கவில்லை.

"எந்தக் கையாலத்தா வச்ச? சோத்தாங் கையா, பீச்சாங் கையா?"

மல்லாந்து படுத்து எச்சில் துப்பினால் யார் மேல் விழும்? காலையில் மிளகாய் அரைத்த அதே கை. சிவனம்மாள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் வாய் பழக்கத்தில் கிளம்பியது.

"இவன் கண்ண எங்க வச்சிருந்தான்? பொட்டு மேலயா பம்ப வச்சு அழுத்துவான்?"

"நீங்கதானக்கா கை படக்கூடாதுன்னீங்க" என்றான் பெலிக்ஸ். இப்போதுதான் அவனுக்கு முழுசாகச் சொல்ல வாய் வந்தது. "பம்பு மாட்ட முடியல. ஒங்களுக்குத் தெரியாம பொட்ட மட்டும் பேத்து எடுத்து, கிரீஸத் தொட்டுப் பக்கத்துல ஒட்டி வச்சேன். பம்பு அடிச்சா சைடுல வழிஞ்சிச்சு. ரொம்பிருச்சு போலன்னு தொடச்சு விட்டேன். சொன்னா வைவீங்கன்னு சொல்லல."

"பாத்தீங்களா பாய், பொட்டப் பேத்திருக்கான். இவன் கைதான்..."

"அவன் கை பேத்துச்சு. அடைச்சது ஒங்க கைதான் ஆத்தா" என்றார் பாய் சாதாரணமாக. காளியிடம் அவள் சொன்ன சொல்லும் அதேதான். அடைத்த கை.

பாய் நிப்பிள்களையெல்லாம் கழற்றி எறிந்தார். துளைகளை டீசல் விட்டுக் கம்பியால் குடைந்து சுத்தம் செய்தார். புது நிப்பிள் போட்டுக் கிரீஸ் அடித்ததும், மூட்டின் மறுபக்கம் கறுப்பாக அழுக்கும் பின்னாலேயே புது கிரீஸும் வெளியே வந்தன. கை சத்தமில்லாமல் இறங்கியது. வண்டி சரியாகிவிட்டது. சிவனம்மாள்தான் சரியாகவில்லை.

அன்று சாயந்திரம் தலை சீவக் கையைத் தூக்கினாள். தோள் பாதியில் நின்றது. வலியில் கண் கலங்கியது. பழக்கமில்லாமல் கல்லில் இழுத்து அரைத்தால் யாருக்கும் தோள் வலிக்கும். அதைச் சொல்லத் தைரியமுள்ளவர் அந்த வீட்டில் இல்லை, சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் கை பாதி வழியில் நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஊரையெல்லாம் பயமுறுத்தி வைத்திருந்தவள், தன் கையைக் கண்டே பயந்தாள். பூசாரியிடம் ஓடினாள்.

"குடுத்த வாக்கத் திரும்ப வாங்க முடியாதுத்தா. குளுத்தத்தான் முடியும்" என்றார் பூசாரி. "ஒன் கையாலயே கட்டச் சந்தனம் அரைச்சு ஆத்தாளுக்குக் காப்புப் போடு. பாக்கெட்டுத் தூளு ஆகாது. அப்புறம், நீ யாரப் பாத்து மொளகா அரைச்சியோ, அவன் வாயால மன்னிச்சேன்னு சொல்லணும்."

சந்தனத்தால் வந்த வினைக்குச் சந்தனமே மருந்து. சனி ஞாயிறு திங்கள் என்று அவள் உட்கார்ந்து கட்டையை இழைத்தாள். இழைக்க இழைக்கத் தோள் இன்னும் மோசமாயிற்று. மோசமாக ஆக ஆகப் பயத்தில் இன்னும் வேகமாக இழைத்தாள். இடையில் பெலிக்ஸிடம் போய் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பெலிக்ஸ் நிதானமாகப் பாக்கை ஒதுக்கிக்கொண்டான்.

"எங்க சாமி மன்னிச்சு விட்ரும்னு நீங்கதானக்கா சொன்னீங்க. செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்கு வாங்க. அங்க வச்சு மன்னிக்கிறேன். ரூபியும் வருவா."

செவ்வாய்க்கிழமை காலையில் காளிக்குக் காப்பு. கையால் இழைத்த சந்தனம் தண்ணியாக இருந்தது. பூசப் பூச அம்மன் மேல் நிற்காமல் வழிந்து பீடத்தில் சொட்டியது. சிவனம்மாள் வெற்றிலைப் பையைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள். பூசாரி தேங்காய் எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தபோது சந்தனம் முகமெல்லாம் வழவழவென்று அசையாமல் நின்றது.

"ஆத்தா மனசு எறங்கிட்டா" என்றார் பூசாரி, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

அங்கிருந்து பொம்மையனின் மொபெட்டில் நேரே பக்கத்து ஊர் அந்தோணியார் கோயில். வாசலில் பெலிக்ஸும் ரூபியும் நின்றார்கள். ரூபி அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காத முகம் சிவனம்மாளை எங்கேயோ குத்தியது. அந்த வெள்ளிக்கிழமை முந்தானையை மூடிக்கொண்டு போனவள் இவள்தானே என்று நினைத்தாள். மெழுகுவத்தியை ஏற்றினாள். இடது கையால்தான் ஏற்ற முடிந்தது.

"மன்னிச்சிரு அப்பு. நீயும் மன்னிச்சிருத்தா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ரூபி தலையை மட்டும் அசைத்தாள். "மன்னிச்சாச்சுக்கா" என்றான் பெலிக்ஸ்.

"செத்த சத்தமாச் சொல்லு. அங்க காளிக்குக் கேக்கணும்ல."

"கேக்கும்க்கா" என்றான் பெலிக்ஸ். "அவ காதுலயும் பசையக் கொழப்பி வைக்காம இருந்தா."

ரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மையனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவர் சிரிப்பு மெல்ல நின்றது. "இந்தா, நெசமாவே பசை போட்டியா?" என்றார் தணிந்த குரலில்.

"வண்டிய எடுங்க" என்றாள் சிவனம்மாள். "காயிறதுக்குள்ள போகணும்."